வன்தொண்டரின் முறையீடு

இறைவனிடம் வைத்த எதிர்பார்ப்பு பொய்த்துப்போகும்போது அடியவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குச் சமய மரபு தரும் விடை பொறுமை ஒன்றுதான் என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. வந்ததை ஏற்றுக்கொண்டு, வாய் திறவாமல், எல்லாம் நன்மைக்கே என்று அமைந்துவிடுவதே உறுதியான நம்பிக்கையின் அடையாளம் என்ற கருத்து, கோயில் சொற்பொழிவுகளிலும் வீட்டுப் பெரியவர்களின் ஆறுதல் மொழிகளிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் தமிழ்ச் சைவர்கள் வேதத்துக்கு ஒப்பாகப் போற்றும் திருமுறைகளுக்குள்ளேயே, இந்தக் கருத்துக்குள் அடங்க மறுக்கும் ஒரு குரல் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவராகப் பலரும் கொள்ளும் சுந்தரமூர்த்தி நாயனாரின் குரல் அது. அவருடைய பதிகங்களின் தொகுதியாகிய ஏழாம் திருமுறையில், கண்பார்வை இழந்த நிலையில் பாடியவையாகக் கருதப்படும் சில பதிகங்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, நம்பிக்கைக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையிலான உறவைப் பற்றி அவை சொல்வது மேலே கண்ட பொதுக் கருத்தைவிட ஆழமானது என்பது புலப்படும்.

இந்த ஆய்வில் இரண்டு வகைச் சான்றுகளை வேறுபடுத்திப் பார்ப்பது இன்றியமையாதது. முதல் வகை, சுந்தரரே பாடிய பதிகங்கள். பதிகம் என்பது ஒரு தலத்து இறைவன்மீது பெரும்பாலும் பத்து அல்லது பதினொரு பாடல்களால் அமையும் தொகுப்பு. இரண்டாம் வகை, 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம். பதிகங்களில் துண்டு துண்டாகத் தெறிக்கும் குறிப்புகளைத் தொடர்ச்சியான வாழ்க்கை வரலாறாகக் கோத்துத் தந்தது சேக்கிழாரின் பணி. இரண்டுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் இருப்பதால், புராணம் சொல்வதெல்லாம் பதிகத்தில் உண்டு என்றோ, பதிகத்தில் இல்லாததெல்லாம் பிற்காலக் கற்பனை என்றோ கொள்வதற்கில்லை. எனினும் கண் இழந்த செய்தியைப் பொறுத்தவரை, பதிகங்களே நேர்ச்சான்று தருகின்றன என்பது இங்கே முதன்மையானது.

சுந்தரருக்கும் இறைவனுக்கும் இடையிலான உறவு ஒரு வழக்கில் தொடங்கியது என்கிறது பெரியபுராணம். திருநாவலூரில் ஆதிசைவக் குலத்தில் பிறந்து, நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசரால் வளர்க்கப்பட்ட நம்பியாரூரர் என்னும் சுந்தரர் மணக்கோலத்தில் இருந்தபோது, முதிய அந்தணர் ஒருவர் வந்து, அவர் தமக்கு வழிவழி அடிமை என்று சொல்லித் திருமணத்தைத் தடுக்கிறார். சினங்கொண்ட நம்பியாரூரர் அவரைப் பித்தர் என்று ஏசுவதோடு, அவர் காட்டிய ஓலையையும் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலை மட்டுமே என்றும் மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் கூறிய முதியவர், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் அதைக் காட்டி வழக்கில் வென்றுவிடுகிறார். பாட்டனார் எழுதிக்கொடுத்த அடிமைச் சாசனம் அது. வந்தவர் சிவபெருமானே என்று தெரிந்த பின், தம்மைப் பாடும்படியும் தாம் விரும்பும் அருச்சனை பாட்டே என்றும், ஏசிய அந்தப் பித்தன் என்ற சொல்லையே தொடக்கமாகக் கொள்ளும்படியும் இறைவன் பணிக்கிறார். வன்மொழி பேசி வாதிட்டதால் வன்தொண்டன் என்ற பெயரையும் சூட்டுகிறார். பின்னாளில் சுந்தரர் பாடிய கசப்பான வரிகளை எடைபோடும்போது இந்தத் தொடக்கத்தை மறந்துவிடக் கூடாது. வசையையும் வழிபாடாக்கும் உரிமை இங்கே இறைவனாலேயே வழங்கப்பட்டுவிட்டது.

அதன் பின்னர் வந்த ஆண்டுகளில் சுந்தரர் கேட்டதெல்லாம் கிடைத்தது. பஞ்ச காலத்தில் குண்டையூரில் பெற்ற நெல் மலையைத் திருவாரூருக்கு எடுத்துச்செல்ல ஆள் வேண்டும் என்று திருக்கோளிலி இறைவனிடம் கேட்டார். பூதங்கள் வந்து சுமந்தன. திருப்புகலூரில் தலைக்கு வைத்துப் படுத்த செங்கற்கள் பொன்னாயின. திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். சைவ சித்தாந்தம் வகுக்கும் நால்வகை நெறிகளுள் தோழமை நெறிக்கு, அதாவது இறைவனை நண்பனாகக் கொண்டு ஒழுகும் நெறிக்கு, இவர் எடுத்துக்காட்டாக நிற்பதற்கும் தம்பிரான் தோழர் என்று அழைக்கப்படுவதற்கும் இந்த நெருக்கமே காரணம். கேட்டால் கிடைக்கும் என்ற பழக்கம் நாளடைவில் கேட்டால் கிடைத்தே தீரும் என்ற எதிர்பார்ப்பாக உறைந்துபோவது மனித இயல்பு. அந்த எதிர்பார்ப்பு உடைந்த இடம் திருவொற்றியூர்.

திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், திருவொற்றியூரில் இறைவனுக்கு மாலை தொடுக்கும் தொண்டில் இருந்த சங்கிலியார்மீது காதல் கொண்டு, அவரைப் பெற்றுத்தர இறைவனையே நாடுகிறார். சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சந்நிதியில் சூளுரைக்க, அதாவது சத்தியம் செய்ய, வேண்டிய நிலை வருகிறது. பிற தலங்களுக்கும் போக வேண்டிய தமக்கு அது தடையாகும் என்று கருதிய சுந்தரர், தாம் சத்தியம் செய்யும் நேரத்தில் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனிடம் கேட்டுக்கொள்கிறார். இறைவன் உடன்படுகிறார், ஆனால் சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே செய்யச் சொல்லும்படி சங்கிலியாருக்கும் கனவில் உணர்த்திவிடுகிறார். மறுநாள் மகிழடியில் செய்த அந்தச் சத்தியத்தை, திருவாரூர் வசந்த விழாவின் நினைவு வந்தபோது, சுந்தரர் மீறுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய அளவில் அவருடைய இரு கண்களும் மறைந்தன.

இந்தக் கதையை இறைவன் தோழனுக்குச் செய்த சூழ்ச்சியாகப் படிப்பவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் சங்கிலியார் கதையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடுவார். ஆனால் சேக்கிழாரின் அமைப்பில் அவரும் இறைவனையே நம்பி வாழ்ந்த அடியவர். சிவனடியார் அல்லாத ஒருவரை மணப்பதில்லை என்ற உறுதியோடு வீட்டைவிட்டுத் திருவொற்றியூர்க் கன்னிமாடத்துக்கு வந்து தொண்டு செய்தவர். ஒருவருடைய எதிர்பார்ப்பை நிறைவேற்றினால் மற்றவருடைய நம்பிக்கைக்குத் துரோகம் நேரும் என்ற இடத்தில் இறைவன் நிற்கிறார். சுந்தரருக்கு வஞ்சனையாகத் தோன்றிய அதே செயல், சங்கிலியாரின் பக்கம் நின்று பார்க்கும்போது வாக்குக் காத்தலாக இருக்கிறது. எதிர்பார்ப்பு பொய்த்தது என்று ஒருவர் குமுறும்போது, அந்த இறைவன் தமக்கு மட்டும் உரியவரல்லர் என்ற எளிய உண்மை அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுந்தரருக்கு அது ஒரு கட்டத்தில் தெரிந்திருக்கிறது என்பதற்குத் திருமுல்லைவாயில் பதிகமே சான்று. சங்கிலிக்காகத் தம் கண்ணை எடுத்துக்கொண்ட பண்பினன் என்று அங்கே அவர் இறைவனை விளிக்கிறார். அந்த விளியில் குறை இருக்கிறது. ஆனால் எடுத்தது யாருக்காக என்ற தெளிவும் அதற்குள்ளேயே இருக்கிறது. நான்கு நூற்றாண்டுக்குப் பின் வந்த புராணத்தை நம்பாதவரும் மறுக்க முடியாத அகச்சான்று இது.

கண் இழந்தவர் திரும்பிச் செல்லவில்லை. வட எல்லையில் இருந்த திருவொற்றியூரிலிருந்து காஞ்சி வழியாகத் திருவாரூர் வரை, 300 கிலோமீட்டருக்குக் குறையாத அந்த நெடுவழியை, தலம் தலமாக நின்று பாடியபடியே கடக்கிறார். அந்தப் பாடல்களின் தொனி ஒவ்வொரு தலத்திலும் மாறிக்கொண்டே போவதுதான் இந்த ஆய்வின் மையம். திருவொற்றியூர்ப் பதிகத்தில் அவர் பணிந்து கெஞ்சுகிறார். அங்கேயே, மூன்று கண்களை உடையவனுக்கு அடியவனின் கண்ணை எடுப்பதுதான் நியாயமும் வழக்கும் என்றால், ஊன்றிக்கொள்ள ஒரு கோலையாவது தரக் கூடாதா என்றும் கேட்டுவிடுகிறார். முல்லைவாயிலில் ஒவ்வொரு பாடலும் துயரைக் களையும்படி வேண்டி முடிகிறது. அடுத்த தலமாகிய திருவெண்பாக்கத்தில்தான் முதல் மறுமொழி கிடைக்கிறது.

பழைய திருவெண்பாக்கம் இன்று இல்லை. 1944-இல் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் அது மறைந்துவிட்டது, கோயில் மட்டும் அருகில் மீண்டும் எழுப்பப்பட்டிருக்கிறது. அந்தத் தலத்தில் பாடிய பதிகத்தில் சுந்தரர், பிழை செய்தாலும் இறைவன் பொறுத்துக்கொள்வார் என்ற துணிவில் தாம் பிழைத்துவிட்டதாகவும், இறைவனுக்கே வரக்கூடிய பழியைக்கூடப் பாராமல் அவர் தம் கண்ணைப் படலத்தால் மறைத்துவிட்டதாகவும் சொல்லி, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று வினவுகிறார். உள்ளிருந்து வந்த விடை, இருக்கிறோம், நீர் போகலாம் என்பதே. ஊன்றுகோல் ஒன்றும் கிடைத்தது என்கிறது பெரியபுராணம். கிடைத்த கோலைச் சுந்தரர் சினத்தில் வீசியெறிந்ததாகவும் அது நந்தியின் கொம்பை ஒடித்ததாகவும் கோயில் மரபில் ஒரு செய்தி வழங்குகிறது. அது வரலாறாக இருக்க வேண்டியதில்லை; ஆனாலும் கேட்ட கோலே கிடைத்தபோது அது போதாது என்று தோன்றும் மனநிலையை அடியார் கூட்டம் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தது என்பதற்கு அது சான்றாகும்.

இந்த மறுமொழியின் கடுமையைத் தணித்துச் சொல்ல உரையாளர்கள் முயல்வது இயற்கை. ஆனால் பதிகம் அதைத் தணிக்கவில்லை. ஒவ்வொரு பாடலின் முடிவிலும் அதே விடையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நுணுகிப் பார்த்தால் அந்த விடைக்குள் இரண்டு செய்திகள் உள்ளன. இறைவன் இருக்கிறார் என்பது ஒன்று. இப்போது கண் இல்லை, வழியைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது மற்றொன்று. நன்மைகள் வந்துகொண்டிருந்த காலத்தில் இருப்பும் கொடையும் ஒன்றாகவே சுந்தரருக்குத் தோன்றியிருக்கும். வெண்பாக்கத்தில்தான் அவை முதன்முறையாகப் பிரிந்து நிற்கின்றன: கொடை மறுக்கப்பட்டது, இருப்பு உறுதியாயிற்று. அவர் கேட்ட கேள்வியும் கண்ணைத் தருவீரா என்பதாக இல்லாமல் உள்ளே இருக்கிறீரா என்பதாகவே இருந்தது என்பதை இங்கே கருத வேண்டும். எதிர்பார்ப்பு முழுவதும் சரிந்த நேரத்திலும் அவர் விட்டுக்கொடுக்காத ஒன்று, கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதுதான்.

காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் கிடைத்தது. காண்பதற்குக் கண் பெற்ற வியப்பே அந்தப் பதிகத்தின் பாடல்தோறும் முடிவாக வருகிறது. மகிழ்ச்சியின் நடுவிலும் ஏகம்பனைக் கள்ளன் என்று அழைக்க அவர் தயங்கவில்லை. திருத்துருத்தியில் அவருக்கிருந்த உடற்பிணியும் நீங்கிற்று. இப்படித் தவணை தவணையாக நலம் பெற்றுத் திருவாரூரை அடைந்தவர், நன்றி கூறுவார் என்றே எதிர்பார்க்கத் தோன்றும். பாதி கிடைத்துவிட்ட நிலையில் மீதியை அடக்கமாகக் கேட்பதே உலக வழக்கு. சுந்தரரோ, தம் வாழ்நாளின் மிகக் கடுமையான பதிகத்தை அங்கேதான் பாடினார்.

ஏழாம் திருமுறையின் 95-ஆவது பதிகமாகிய அதில், மீட்சி இல்லாத அடிமையாக உமக்கே ஆட்பட்டு, வேறு எவரையும் விரும்பாமல், வெளியே கொழுந்துவிடாத தீப்போல உள்ளுக்குள் கனன்று, முகம் வாடி நிற்கும் அடியார்கள் தம் அல்லலைச் சொன்னால் நீர் சும்மா இருப்பீர் என்று முதற்பாடலே குற்றஞ்சாட்டுகிறது. நீர் நன்றாக வாழ்ந்துபோம் என்ற கசப்பான வாழ்த்தோடு முடிகிறது. இங்கே தன்மை ஒருமை இல்லை. துன்புறும் அடியார் எல்லாருக்குமான முறையீடாகவே பதிகம் தொடங்குகிறது. இரண்டாம் பாடலில் அவர் தம்மை விற்றுக்கொள்ளவும் உரிமை தருகிறார். தாம் ஒற்றியாக, அதாவது ஈடாக, வைக்கப்பட்ட பொருள் அல்லர், தாமே விரும்பி ஆட்பட்டவர் என்கிறார். திருவெண்ணெய்நல்லூரில் பாட்டன் எழுதிய ஓலையால் பிணைக்கப்பட்டவர், இப்போது அந்த ஓலையை ஒதுக்கிவிட்டுத் தம் விருப்பத்தையே சாசனமாக நீட்டுகிறார். அன்று எதிர்வாதியாக நின்றவர் இன்று வாதியாகிறார். மற்றைக் கண்ணைத் தராவிட்டால் பழி உம்மையே சேரும் என்பது அவருடைய வாதம். அந்த மற்றைக் கண் என்ற குறிப்பு, ஒரு கண் முன்பே கிடைத்துவிட்டது என்ற புராணச் செய்தியோடு பொருந்துகிறது.

இதே பாடலில்தான் தாம் குற்றம் எதுவும் செய்யவில்லை என்றும் சொல்கிறார். வெண்பாக்கத்தில் பிழைத்தேன் என்று ஒப்புக்கொண்டவர் ஆரூரில் குற்றமில்லை என்பது வெளிப்படையான முரண். இதற்கு அமைதி கூற எளிய வழிகள் உண்டு; பாடிய சூழல் வேறு, உணர்ச்சி மேலிட்டது என்று விடலாம். அவற்றைவிடப் பொருத்தமான விளக்கம் ஆட்பட்ட உறவிலேயே இருக்கிறது எனலாம். சங்கிலியாரை நோக்கும்போது அவர் செய்தது பிழை. இறைவனை நோக்கும்போது, அடிமையாகத் தாம் ஒப்புக்கொண்ட உறவில் அவர் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. வேறு வாசலுக்குப் போகவில்லை. பார்வையற்ற வழியிலும் பாட்டை நிறுத்தவில்லை. பிழையை ஒப்புக்கொள்வதும் முறையிடும் உரிமையை விட்டுவிடுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதை இந்த முரண் காட்டுகிறது. துன்பம் தன் பிழையால் வந்தது என்று அறிந்தவருக்கு வாயே இல்லை என்ற கொடுமையான நியாயத்தை, இன்றும் நோயுற்றவர்களின் படுக்கையருகே பலர் பேசும் அந்த நியாயத்தை, சுந்தரர் ஏற்கவில்லை.

பதிகங்களின் இறுதிப் பாடல் பொதுவாக, பாடியவரின் பெயரைச் சொல்லி, இப்பாடல்களை ஓதுவோர் அடையும் பயனைக் கூறி முடியும். ஆரூர்ப் பதிகத்தின் பதினோராம் பாடலில் ஆரூரன் என்ற பெயர் இருக்கிறது, பயன் இல்லை. உலகறியக் கண்ணை எடுத்துக்கொண்டு பழிக்கு ஆளானவர் நீரே என்ற குற்றச்சாட்டும் அதே கசப்பான வாழ்த்தும் அந்த இடத்தை நிரப்புகின்றன. சமாதானத்துக்கென்று மரபு ஒதுக்கிவைத்த இடத்திலும் அவர் சமாதானமாகவில்லை. இத்தகைய பாடல்களை நிந்தாஸ்துதி என்ற வகையில், அதாவது பழிப்பது போலப் புகழும் வகையில், அடக்கிவிடுவது நெடுநாள் வழக்கம். அந்த வகையில் பழிப்பு என்பது மேற்போர்வை. போர்வையை நீக்கினால் உள்ளே புகழ் இருக்கும். ஆரூர்ப் பதிகத்தில் போர்வை ஏதும் இல்லை. கோபம் கோபமாகவே இருக்கிறது. அது இறைவனின் முகத்துக்கு நேரே சொல்லப்படுகிறது என்பதில்தான் பக்தி இருக்கிறது.

பிற்காலச் சைவ சித்தாந்தம் இத்துன்பத்துக்கு வேறொரு விளக்கம் தந்தது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார், இறைவன் ஒறுப்பதும் அன்பினால்தான் என்றும், பெற்றோர் தவறு செய்யும் பிள்ளையை அடித்துத் திருத்துவது போன்றது அது என்றும் சிவஞான சித்தியாரில் நிறுவினார். வன்மையாக வெளிப்படும் இத்தகைய அருளை மறக்கருணை என்பர். தத்துவம் என்ற அளவில் அது வலுவானது. ஆனால் துன்பத்துக்கு வெளியே நிற்பவர் துன்பத்துக்குள் இருப்பவரிடம் அதைச் சொல்லும்போது, அது வாயடைக்கும் கருவியாகிவிடும் ஆபத்து உண்டு. எபிரேய வேதத்தின் யோபு நூல் இந்த ஆபத்தைத்தான் நாற்பத்திரண்டு அதிகாரங்களில் விரிக்கிறது. யோபுவின் நண்பர்கள் எலிப்பாசு, பில்தாத், சோப்பார் மூவரும் கடவுளின் நீதியை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார்கள். யோபு கடவுளோடே வழக்காடத் துடிக்கிறார். இறுதியில் கடவுள், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுதான், அந்த நண்பர்கள் அல்லர் என்று தீர்ப்பளிக்கிறார். யோபு குற்றமற்றவர், சுந்தரர் சத்தியம் மீறியவர் என்ற வேறுபாடு பெரியது. தம் நேர்மையை ஆதாரமாக்கி யோபு வழக்காடுகிறார். சுந்தரருக்கு ஆதாரம் உறவு மட்டுமே. அதனாலேயே சுந்தரரின் நிலை சாதாரண மனிதர்களுக்கு இன்னும் நெருக்கமானது. தம் துயரங்களில் தமக்குப் பங்கே இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே.

சைவ மரபில் இந்தக் குரல் தனித்த ஒன்றும் அன்று. மாணிக்கவாசகர் உத்தரகோசமங்கையில் பாடிய நீத்தல் விண்ணப்பம், தம்மைக் கைவிட்டுவிட வேண்டாம் என்ற ஐம்பது பாடல்களின் மன்றாட்டு. அதன் 49-ஆவது பாடலில், கைவிட்டால் பித்தன் என்று உன்னை ஏசுவேன், பிறர் சிரிக்கும்படி செய்வேன் என்று அச்சுறுத்துபவர், அடுத்த பாடலிலேயே, ஏசினாலும் போற்றினாலும் தம் பிழைக்காகவே குழைந்து வருந்துபவர் தாம் என்கிறார். திருநாவுக்கரசரின் வாழ்விலோ எதிர்பார்ப்பு வேறு விதமாகப் பொய்க்கிறது. கயிலையைக் காண நடந்து, தவழ்ந்து, உடல் தேய்ந்தவர் அங்கே போகவிடாமல் தடுக்கப்படுகிறார். ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழும் அவருக்குக் கயிலைக் காட்சி அங்கேயே கிடைக்கிறது. நாவுக்கரசர் வழக்காடவில்லை. ஒரே மரபு இருவரையும் நாயன்மாராக வைத்துப் போற்றுகிறது. ஒருவரின் மனப்பாங்கை மற்றவருக்கு அளவுகோலாக்கவில்லை.

சுந்தரரின் உரிமையை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆரூரில் வலக்கண்ணும் கிடைத்த பின், சங்கிலியாரை மணந்த செய்தி அறிந்து ஊடியிருந்த பரவையாரின் சினத்தைத் தணிக்க, அவர் இறைவனையே தூது போகச் சொல்கிறார். இறைவனும் திருவாரூர்த் தெருவில் இரண்டு முறை நடக்கிறார். கண் போய்க் கண் வந்த அனுபவம் சுந்தரரைக் கேட்காதவராக மாற்றிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இதைக் கேள்வியுற்ற ஏயர்கோன் கலிக்காமர் என்ற அடியவர், ஆண்டவனை ஏவலாளாக்குவது அடியவர் செய்யும் செயலா என்று கொதிக்கிறார். அவருக்கு இறைவன் சூலை நோயைத் தந்து, அதைத் தீர்க்கக்கூடியவன் வன்தொண்டன் ஒருவனே என்கிறார். அவர் வந்து தீர்ப்பதைவிடச் சாவதே மேல் என்று கலிக்காமர் தம் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். வந்து கண்ட சுந்தரரும் உயிர்விட முனைகிறார். உயிர்பெற்று எழுந்த கலிக்காமர் அவர் கையைப் பற்றித் தடுக்க, இருவரும் நண்பர்களாகிறார்கள். இறைவனிடம் எதையும் கேட்கலாகாது என்ற நம்பிக்கையும் எல்லாவற்றையும் கேட்கலாம் என்ற நம்பிக்கையும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன. இரண்டில் எது சரி என்று சேக்கிழார் தீர்ப்புச் சொல்லவில்லை. கலிக்காமரின் வரலாற்றையும் சுந்தரரின் கண் வரலாற்றையும் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணம் என்ற ஒரே புராணத்துக்குள் வைத்துப் பாடிவிட்டு, அடுத்த அடியாரின் வரலாற்றுக்குப் போய்விடுகிறார்.